ஆடு எதுவும் குறுக்கே வரவில்லை



ஏப்ரல் கடைசியில் என் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் படத்தை இங்கே போட்டிருந்தேன். கறுப்புப் பெயின்ட், அதன்மேல் மெல்லிய தங்கக் கோடு, புதிதாக முலாம் பூசிய ஹேண்டில் பார், தோல் சீட்டு. முந்நூறு பேருக்கு மேல் விருப்பக்குறி இட்டீர்கள். என்னிடம் படித்தவர்கள் பலர் "சார், அந்த சைக்கிளா இது!" என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தப் படம் போட்ட பத்தாவது நாள் நடந்த ஒன்றை நான் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்துச் சரிசெய்யும் ஆசை உள்ளவர்கள் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சைக்கிளைப் பற்றி.

ஆசிரியர் பயிற்சி முடித்துக் காத்திருந்து, 1984-ல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு 11 கிலோமீட்டர். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலைப் பேருந்து வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய் இந்த சைக்கிளை வாங்கினேன். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் செய்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து 1949-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. அதனால் வண்டியின் அமைப்பும் அந்த ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளின் அமைப்புதான். 28-க்கு ஒன்றரை டயர், முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி, வயரே இல்லாத கம்பி பிரேக். இருபது வருடத்துக்கு மேல் என்னைச் சுமந்தது. பிறகு மொபெட் வந்தது, சைக்கிள் மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

இந்த சைக்கிளுக்கு இன்னொரு கதை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு அறிவொளி இயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1991-ல் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தோம். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று சாயங்காலம் ஆனால் பள்ளி மைதானத்தில் கூட்டம் கூடிவிடும். லேடீஸ் சைக்கிள் போதாது. அதனால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பழகக் கொடுத்த சைக்கிள்களில் என்னுடையதும் ஒன்று. என் மனைவி பழகியதும் இதில்தான்.

முதல் நாள் நான் ஒரு பெண்ணுக்கு சீட்டில் உட்காரச் சொல்லி, பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "பெடலை மிதிங்க, நேராப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கல்குவாரியில் வேலை செய்கிற அம்மா. நாற்பது வயதிருக்கும். அவர் மிதிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்து, "ஓட்டுறது இருக்கட்டும் சார். மொதல்ல நிப்பாட்டுறது எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து என் பாட முறையே மாறிவிட்டது. சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்வேன். நடக்கும்போதே பிரேக்கைப் பிடித்து நிறுத்தச் சொல்வேன். பத்துத் தடவை நிறுத்திய பிறகுதான் சீட்டில் ஏற்றுவேன். "நிறுத்தத் தெரிந்தவர்தான் ஓட்டலாம்" என்பது என் வாசகமாகவே ஆகிவிட்டது. இங்கே இருக்கிற சிலருக்கு அது நினைவிருக்கும்.

இதைச் சொன்னவன்தான் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும்.

2019-ல் ஓய்வு பெற்றேன். சைக்கிளைச் சரிசெய்ய வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பதோடு சரி. இந்த வருடம் பேரன் மே மாத விடுமுறைக்கு வருகிறான் என்றதும் வேகம் வந்தது. அவனுக்குப் பத்து வயது. திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்கிறவன். குரங்குப் பெடல் என்றால் என்னவென்றே தெரியாது. காட்ட வேண்டும் என்று ஆசை.

சைக்கிளைப் பிரித்தேன். சட்டத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். ஹேண்டில் பாரை முலாம் பூசக் கொடுத்தேன். டயர், டியூப், சீட்டு எல்லாம் புதிது. பிரேக் கம்பிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவற்றுக்கும் பெயின்ட் அடித்து அப்படியே மாட்டினேன். பிரேக் கட்டை நான்கும் பழையவை. ரப்பர் உயரம் இருக்கிறதே, தேயவில்லையே என்று விட்டுவிட்டேன். கடைசியாக, படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று இரண்டு ரிம்மையும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன்.

பழைய சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதைப் படித்ததும் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

லிவரைப் பிடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பிடித்தால் அசைந்தது. கட்டை மேலே ஏறி ரிம்மைத் தொட்டது. சமதரையில் தெருவைச் சுற்றி வந்தேன், நின்றது. கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும், பரவாயில்லை" என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு காலை. பேரனை முன்னால் பாரில் துண்டு மடித்துப் போட்டு உட்கார வைத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குக் கிளம்பினேன். கரைமேல் ஏறிப் போகும் வரை ஒன்றுமில்லை. கொக்கு காட்டினேன், மடை காட்டினேன். திரும்பும்போது கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சரிவு. பெரிய சரிவு இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கையை விட்டுக்கொண்டு இறங்குவேன்.

பிரேக்கைப் பிடித்தேன். இரண்டு லிவரும் ஹேண்டில் பாரைப் போய் முட்டிவிட்டன. வண்டி நிற்கவில்லை, வேகம்தான் கூடியது. கீழே ரோட்டோரம் ஒரு சிறுமி தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். நான் கத்தியது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. காலைத் தரையில் ஊன்றினேன், செருப்பு கழன்று போனது. வேறு வழியில்லாமல் ஹேண்டிலைத் திருப்பிக் கருவேலம் புதருக்குள் விட்டேன்.

பேரனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, முள் கீறல். எனக்குக் கணுக்கால் வீங்கியது. அந்தச் சிறுமி நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலியே தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் நடந்த இடத்துக்கும் நாங்கள் விழுந்த இடத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம்கூட இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் மகள் வீடியோவில் பேசினாள். பையன் கையில் கட்டைப் பார்த்ததும், "என்னப்பா ஆச்சு?" என்றாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஒண்ணுமில்லம்மா. ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சு, திருப்பிட்டேன்" என்றேன்.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தியவன். பேரன் பக்கத்தில்தான் இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது மெதுவாகக் கேட்டான். "தாத்தா, ஆடு எப்ப வந்துச்சு?"

நான் தூங்குவது போல இருந்துவிட்டேன்.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். நாற்பது வருடமாக எங்கள் பகுதியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய். இப்போது முக்கால்வாசி நேரம் பஞ்சர்தான் ஒட்டுகிறார். பேரனும் கூட வந்தான். பாய் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ரிம்முக்கு உள்பக்கம் விரலை வைத்துத் தடவி, மோந்து பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, ரிம்முக்குத் தலை சீவி விட்டிருக்கீங்க?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது.

இங்கே கம்பி பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இன்றைய சைக்கிளில் பிரேக் ரப்பர் ரிம்மை இரண்டு பக்கவாட்டிலும் கிடுக்கிபோல் பிடிக்கும். பழைய ரோட்ஸ்டரில் அப்படி இல்லை. குதிரை லாடம்போல் வளைந்த ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் கட்டை இருக்கும். லிவரைப் பிடித்தால் அந்த லாடம் இழுபட்டு, ரிம்மின் உள்பக்கத்தில், அதாவது ஸ்போக்ஸ் கம்பி வந்து சேரும் பக்கத்தில், போய் அழுத்தும். எண்ணெய் துணியால் நான் துடைத்தது அதே இடத்தைத்தான்.

முன் பிரேக்குக்கு வழி சுருக்கம். லிவர், நேராக இறங்கும் கம்பி, லாடம், அவ்வளவுதான். பின் பிரேக்குக்குத்தான் பயணம் அதிகம். லிவரிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கும். அங்கே 'எல்' எழுத்து வடிவில் ஒரு முழங்கை, இழுப்பைத் திசை திருப்பும். அதிலிருந்து நீளக் கம்பி சட்டத்தை ஒட்டிப் பெடல் அச்சுக்குப் பக்கம் வரை போகும். அங்கே இன்னொரு முழங்கை. அதிலிருந்து பின் லாடம். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் நெம்புகோல் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் முழுவதும் என் வண்டியிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

பாய் ஒரு சோதனை செய்து காட்டினார். இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். பின் லாடத்தை, கட்டை ரிம்மில் அழுந்தி நிற்கும்படி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "இப்ப லிவரப் புடிங்க தம்பி" என்று பேரனிடம் சொன்னார். எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தால் லிவர் அசையவே கூடாது. கட்டைதான் ஏற்கெனவே ரிம்மில் இருக்கிறதே. ஆனால் எங்கள் லிவர் பாதி தூரம் சும்மா வந்தது. அதன் பிறகுதான் கம்பி விறைத்தது.

"பாத்தீங்களா சார். பாதி புடி பிரேக்குக்கே போகல. வழியிலேயே தீந்து போச்சு."

எங்கே தீர்ந்தது என்று தேடினோம். பாய் ஒவ்வொரு மூட்டாக இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். பேரன் சாக்பீஸால் தரையில் கணக்கு எழுதினான். லிவரின் அச்சு ஹேண்டில் பாரில் சுழலும் இடம், லிவரும் கம்பியும் சேரும் இடம், முதல் முழங்கையில் மூன்று, பின் முழங்கையில் மூன்று. மொத்தம் எட்டு இடம். ஒன்றுகூட உடையவில்லை. எதுவும் பெரிதாகத் தேயவும் இல்லை. ஓரிடத்தில் அரை மில்லிமீட்டர் ஆட்டம், ஓரிடத்தில் ஒரு மில்லிமீட்டர். போல்ட்டு நுழையும் ஓட்டை வட்டமாக இருப்பதற்குப் பதில் கொஞ்சம் முட்டை வடிவமாகியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "பரவாயில்லை" ரகம். கூட்டிப் பார்த்தால் பிரேக்கே இல்லை.

அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி வேலையைச் சொல்கிறேன். பத்து நாள் ஆனது. பேரனும் கூடவே இருந்தான்.

முதல் வேலை ரிம். மண்ணெண்ணெய் போட்டு எண்ணெயை எடுத்தோம். ஆனால் மண்ணெண்ணெயும் ஒரு பிசுக்கை விட்டுப் போகும். அதனால் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரை துடைத்தோம். துரு இருந்த இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாள்.

இரண்டாவது, கட்டை. பழைய ரப்பர் உயரம் இருந்தது உண்மைதான். ஆனால் பல வருடம் கிடந்ததில் இறுகிப்போய், மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. அப்படியானால் அது ரப்பர் இல்லை, கல். புதிதாக நான்கு வாங்கினோம். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தோம். முதலில் போன கடையில் இருந்தவை புதிதாக இருக்கும்போதே கல்லாக இருந்தன.

கட்டையை மாட்டும்போது ஒரு முக்கியமான விஷயம். ரப்பரைத் தாங்கும் தகரக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது ரிம் ரப்பரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். ஆகவே ரிம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை இருக்க வேண்டும். முன் சக்கரத்தில் மூடிய முனை முன்பக்கம் பார்க்கும். பின் சக்கரத்தில் கீழே தரையைப் பார்க்கும். மாற்றி மாட்டினால், அவசரத்துக்குப் பிடிக்கும் அந்த ஒரு நேரத்தில் ரப்பர் கழன்று பறந்துவிடும். என் வண்டியில் பின் சக்கரத்தின் இடது கட்டை மாறித்தான் இருந்தது. மாட்டியது நான்.

மூன்றாவது, லாடம். முன் லாடத்தில் வலது கட்டை ரிம்மைத் தொடும்போது இடது கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி போகும் இடைவெளி இருந்தது. எப்போதோ எங்கோ இடித்து வளைந்திருக்கிறது. பாய் அதைக் கழற்றி, "வீட்டுல அம்மி இருக்கா?" என்று கேட்டார். அம்மிக்கல்லின் சமமான பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கால் தூக்கி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி வளைத்துச் சமன் செய்தார். அம்மியைத் தந்த என் மனைவி, "இத்தன வருஷம் கழிச்சு அம்மிக்கு ஒரு வேல வந்துச்சு" என்றாள்.

நான்காவது, சக்கரம். இன்றைய பிரேக்குக்குச் சக்கரம் பக்கவாட்டில் ஆடினால்தான் தொந்தரவு. கம்பி பிரேக்குக்கு மேலும் கீழும் துள்ளுவதுதான் பெரிய தொந்தரவு, ஏனென்றால் கட்டை உள்பக்கத்திலிருந்து அழுத்துகிறது. துள்ளல் இருந்தால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் உரசும், ஓரிடத்தில் தொடவே தொடாது. பள்ளியிலிருந்து வரும்போது கொண்டுவந்த கடைசி சாக்பீஸ் டப்பா வீட்டில் இருந்தது. ஒரு சாக்பீஸை ஃபோர்க்கில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், ரிம் எங்கே நெருங்கி வருகிறதோ அங்கே கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து பாய் கம்பிகளை முடுக்கிக் கோட்டம் எடுத்தார். ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஐந்தாவதுதான் பெரிய வேலை, அந்த எட்டு மூட்டுகள். புது முழங்கை வாங்கிப் போடலாம் என்று தேடினோம். புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் எல்லாக் கடையிலும் கேட்டோம். கிடைத்தவை எங்கள் சட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட்டு போடலாம் என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டை பெருசானா சுத்தி இருக்குற இரும்பு சிறுசாயிரும் சார். அப்புறம் ஒருநாள் அதுவே கிழிஞ்சுரும்" என்றார்.

வெல்டிங் பட்டறையில் கொடுத்து, முட்டையாகிப்போன ஓட்டைகளைப் பித்தளை வைத்து அடைத்தோம். பிறகு நடுவை அளந்து குறித்து, போல்ட்டுக்குச் சரியான அளவில் புதிதாகத் துளை போட்டார்கள். தேய்ந்த போல்ட்டுகளை எல்லாம் மாற்றினோம். ஏனென்றால் ஓட்டை மட்டும் தேய்வதில்லை, போல்ட்டும் கூடவே தேய்கிறது. விரலால் தடவினால் நடுவில் பள்ளம் தெரியும். லிவர் அச்சு ஹேண்டில் பாரில் சுழலும் பிடியில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து ஆட்டத்தை எடுத்தார் பாய். மூட்டுகளின் உள்ளே நான் அடித்து வைத்திருந்த பெயின்ட்டை அரத்தால் சுரண்டி எடுத்தோம். இரும்பு இரும்போடு உரசும் இடத்தில் பெயின்ட்டுக்கு வேலை இல்லை. அங்கே ஒரு சொட்டு எண்ணெய்தான் வேண்டும். எண்ணெய் வேண்டிய இடத்தில் பெயின்ட்டும், எண்ணெய் கூடாத இடத்தில் எண்ணெயும் போட்டவன் நான்!

கடைசியாக, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கம்பியின் நீளத்தைச் சரிசெய்தோம். பின் சக்கரத்தைச் செயினை இறுக்குவதற்காகப் பின்னால் தள்ளினால் இந்த இடைவெளியும் மாறிவிடும். ஆகவே செயினைத் தொட்டால் பிரேக்கையும் தொட வேண்டும். இதைப் பலரும் மறக்கிறோம்.

மறுபடியும் கயிற்றால் லாடத்தைக் கட்டினார் பாய். "புடிங்க தம்பி." பேரன் பிடித்தான். லிவர் ஒரு சுண்டு விரல் கனம்கூட வரவில்லை. அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெயின்ட், முலாம், சீட்டு, டயர் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல். பிரேக்குக்கு வெல்டிங், கட்டை, போல்ட்டு, பாய் கூலி எல்லாம் சேர்த்து எழுநூற்று நாற்பது ரூபாய். ஆறாயிரமும் படத்தில் தெரிந்தது. எழுநூற்று நாற்பது எந்தப் படத்திலும் தெரியாது.

அந்த எட்டு மூட்டுக் கணக்கு என்னை விடவில்லை. வேறொன்றை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது அவனுக்குக் கூட்டெழுத்து படிக்க வராது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இரண்டில் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார், இரண்டாம் வகுப்பு ஆசிரியர் மூன்றில் சரியாகிவிடும் என்று. யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர்கள்தான். ஆளுக்கு ஒரு அரை மில்லிமீட்டர் விட்டோம். நானும் விட்டேன். நல்ல பையன், வணக்கம் சொல்லுவான், கணக்கு ஓரளவு போடுவான், பரவாயில்லை என்று ஆறாம் வகுப்புக்கு அனுப்பினேன். எட்டோடு நின்றுவிட்டான். சில வருடங்களுக்கு முன் ஒரு வங்கியில் பார்த்தேன். படிவத்தை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் எழுதிக் குடுங்க சார்" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் அவன் போட்டான்.

அவன் விஷயத்தில் வெல்டிங் பட்டறைக்குப் போக எனக்கு ஒரு வருடம் முழுக்க இருந்தது. போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை.

சைக்கிளுக்கு வருகிறேன். சோதனை ஓட்டம் பள்ளி மைதானத்தில் நடந்தது. பேரனை ஏற்றவில்லை, நான் மட்டும் ஓட்டினேன். சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டைத் தொட்டதும் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பேரன் அடி வைத்து அளந்தான். நான்கு அடி வைக்கும் தூரத்தில் நின்றது. பிறகு ரிம்மின்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதே வேகத்தில் வந்து பிடித்தேன். ஒன்பது அடி தாண்டித்தான் நின்றது. பேரன் பயந்துவிட்டான். பயப்பட வேண்டாம், இதுதான் இந்த வண்டியின் குணம் என்று சொன்னேன். முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பருக்குப் பிடிமானம் கிடைக்காது. முதல் சில சுற்றுகள் தண்ணீரை வழித்தெடுக்கவே போய்விடும். மழையில் போனால் முன்கூட்டியே மெதுவாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிட வேண்டும். எவ்வளவு சரிசெய்தாலும் இது ஒரு பழைய பிரேக். அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்டு ஓட்டினால் போதும்.

மறுநாள் கண்மாய்க் கரைச் சரிவுக்குத் தனியாகப் போனேன். இறங்கும்போது நடுச் சரிவில் நிறுத்தினேன். நின்றது. காலை ஊன்றிக்கொண்டு அந்தக் கருவேலம் புதரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் செருப்பு அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு பேரனுக்குப் பாடம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நட, பிடி, நிறுத்து. பத்துத் தடவை. அப்புறம் குரங்குப் பெடல். மூன்றாம் நாள் பாருக்கு அடியில் காலை விட்டு மைதானத்தை ஒரு சுற்று வந்துவிட்டான்.

ஜூன் முதல் வாரம் மகள் வந்து அழைத்துப் போனாள். பேரன் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேருந்தில் ஏறும் முன் என் காதருகே வந்து, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க தாத்தா" என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை நினைவுபடுத்துகிற மாதிரிதான் சொன்னான்.

எனக்கு இரண்டு வாரம் ஆனது. நேற்று மகளுக்குப் போன் செய்தேன். "ஆடு எதுவும் குறுக்க வரலம்மா" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். ரிம்முக்கு எண்ணெய் போட்டதை, குடத்தோடு போன சிறுமியை, எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

பிறகு கேட்டாள். "இப்ப பிரேக் புடிக்குதாப்பா?"

"புடிக்குதும்மா."

"சரி. போட்டோ போட்ட இடத்துலயே இதையும் எழுதுங்க. அதப் பாத்துட்டு நாலு பேரு கொட்டகையில கெடக்குற வண்டிய எடுப்பாங்க. பெயின்ட்டு மட்டும் அடிச்சிட்டு ஏறிறப் போறாங்க."

அதனால்தான் எழுதினேன்.

பழைய சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் ஒரு கயிறு எடுத்து லாடத்தை ரிம்மோடு கட்டிவிட்டு லிவரைப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் சும்மா வருகிறது என்று கீழே எழுதுங்கள். பாயிடம் கேட்டுச் சொல்கிறேன்.